நாங்க ரெண்டு பேர்

ஓட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில் அவள் இஸ்திரி போடுகிறவள். ஊரார் படுக்கிற விரிப்புகளை இருபது வருஷமாக மடித்து அடுக்கியவள், அதில் ஒன்றிலும் ஒரு நாள் படுத்ததில்லை. இந்த வருஷம் எப்படியாவது கணவரோடு மூன்று நாள் வெளியூரில் தங்கிவிட வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது. அவர் லிஃப்ட் மெக்கானிக். கூப்பிட்ட நேரத்துக்கு ஓடுகிற மனுஷன். அறை கிடைக்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயைத் திறக்காமல் இருந்தாள்.

மதிய இடைவேளையில் ஒவ்வொரு விடுதியாகப் போன் போட்டாள். "நாங்க ரெண்டு பேர். சின்ன ரூமா இருந்தாலும் பரவாயில்ல." சிலர் சொன்ன வாடகையைக் கேட்டாலே தலை சுற்றியது. ஒருவன் ஜன்னலுக்குத் தனிக் கட்டணம் என்றான். காற்றுக்கும் விலை வைத்துவிட்டார்கள், பாவிகள். ஆறாம் நாள், நெடுஞ்சாலையோரத்து மோட்டல்காரி ஒருத்தி பாதி வாடகைக்குச் சம்மதித்தாள். "பின்னாடி ஏரி இருக்கும்மா. கட்டில் மட்டும் கொஞ்சம் கிறீச்சுங்கும்."

அதற்குப் பிறகு அவள் நின்றது சலவைக்கூடத்தில், இருந்தது ஏரிக்கரையில். இஸ்திரிப் பெட்டியிலிருந்து ஆவி எழும்போதெல்லாம் தண்ணீர்மேல் பனி படர்ந்தது. வெள்ளை விரிப்பு மெல்ல அலையடித்தது. ஜன்னலோரம் அவர் பேசாமல் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் தானும் பேசாமல் உட்கார்ந்திருப்பதை அவளே தூர நின்று பார்த்தாள். துணி தீய்ந்த வாடை வந்த பிறகுதான் திரும்பி வந்தாள்.

வீட்டுக்குப் போனதும் அதே மயக்கத்தில் சொன்னாள்: "ரூம் கெடச்சிருச்சுங்க. வெள்ளிக்கிழமை நாங்க போறோம்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "நல்லது" என்றார்.

வெள்ளிக்கிழமை அவள் குளித்துவிட்டு வருவதற்குள் அவரே பையைக் கட்டி வைத்திருந்தார். கல்யாணமான நாளாக ஒரு துரும்பை எடுத்து வைத்ததில்லை. திறந்து பார்த்தாள். அவள் துணி, அவள் மாத்திரை, அவள் சீப்பு.

"உங்க துணி எங்கங்க?"

"எனக்கெதுக்கு? நீயும் உன் தங்கச்சியும்தானே போறீங்க."

"யாரு சொன்னா?"

"நீதான். 'நாங்க போறோம்'னியே. எங்க போனாலும் அவளோடதானே போவ."

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. விடுதிக்காரர்களிடம் 'நாங்க, நாங்க' என்று சொல்லிச் சொல்லி, 'நாம' என்று சொல்ல வேண்டியவரிடமும் அதுவே வாயில் வந்திருக்கிறது. அப்புறம் சுருக்கென்றது. எப்படி உடனே நம்பிவிட்டார், ஒரு கேள்விகூடக் கேட்காமல்.

"நாமதாங்க போறோம். நீங்களும் நானும். இப்பக் கேட்டா லீவு குடுப்பாங்களா?"

"லீவுலதான் இருக்கேன். மூணு நாளும்."

"நான் இல்லாத வீட்ல லீவு போட்டு என்ன பண்றதா இருந்தீங்க?"

அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். மறுபடியும் திறந்தார்.

"நீ இல்லன்னா வேலைல மனசு நிக்காது. லிஃப்ட் பாரு. ஏறுறவங்க உசிரு."

அவள் கொடியிலிருந்து அவர் சட்டைகளை உருவி, மடிக்காமலே பைக்குள் திணித்தாள். பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.