தொண்ணூற்றிரண்டு சதவீத முதிர்ச்சி

பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் 'தொண்ணூறு'. அதற்குக் கீழே எந்த எண்ணைக் காட்டினாலும் மனிதருக்குக் கண் தெரியாது. அன்று தொண்ணூற்றிரண்டே வந்திருந்தது. அவர் கண்டுபிடித்த மூலிகைச் சாற்றில் ஊறிய தோல் செல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு ஒரே நாளில் முதிர்ந்துவிட்டனவாம். நான்கு மணிக்கு க்ரீம் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் தலையாட்டினால் ஆய்வேட்டில் கையெழுத்து என்று தன் ஆராய்ச்சி மாணவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஆறு வருஷமாக அந்த ஒரு கிறுக்கலுக்காகத்தான் அவள் தவம் கிடந்தாள்.

பிளோ சைட்டோமீட்டரை இயக்கும் அண்ணன் திரையைப் பார்த்துக் காதைக் குடைந்தார். முதிர்ந்த செல்லில் மட்டும் ஒட்ட வேண்டிய பச்சை மையை ஊற்றிய செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன்னால் நடத்தி, பச்சையாக மினுங்கினால் முதிர்ந்தது, மினுங்காவிட்டால் இளசு என்று எண்ணும் மெஷின் அது.

"செத்ததைக் காட்டற சாயம் போட்டியாம்மா?"

போடவில்லை. நேரம் மிச்சம் என்று அதை வெட்டியவர் தொண்ணூறு. செத்த செல்லுக்கோ மானம் ரோஷம் கிடையாது. எந்தப் பச்சையை ஊற்றினாலும் ஒட்டிக்கொள்ளும்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பட்டம். அவளுக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. மிச்சமிருந்த குழாயில் சாயத்தைப் போட்டாள். மினுங்கிய கூட்டத்தில் முக்கால்வாசிக்கு மேல் பிணம்.

ஓடிப்போய்ச் சொன்னாள். தொண்ணூறு அசரவில்லை. தோலின் மேலடுக்கே செத்த செல்தானே, முதிர்ச்சியின் உச்சமே சாவுதானே என்று தத்துவத்தில் இறங்கிவிட்டார்.

திரும்பி வந்தவள், சாறே படாத செல்களில் தொட்டியோரம் கிடந்த பாத்திரம் கழுவும் சோப்பை இரண்டு சொட்டு விட்டு மொத்தமாகக் கொன்றாள். அதே பச்சையை ஊற்றினாள். செத்ததைக் காட்டும் சாயத்தை மட்டும் அவர் வழியிலேயே வெட்டினாள். அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டே பட்டனைத் தட்டினார்.

தொண்ணூற்றாறு.

மூன்றே முக்காலுக்கு அந்தத் தாள் அவர் மேசையில் இருந்தது.

"சார், உங்க சாறை விட சோப்பு நாலு சதவீதம் நல்லா முதிர வைக்குது."

இரண்டு முறை படித்தார். பேனாவை மூடினார். கம்பெனிக்காரர்களுக்குப் போன் போட்டுத் தனக்குக் கடுமையான காய்ச்சல் என்றார், தெளிவான குரலில். ஆய்வேட்டை அவள் பக்கம் தள்ளி, எல்லாக் குழாயிலும் சாயம் போட்டு முதலிலிருந்து செய்யச் சொன்னார். ஆறு வருஷம் ஏழானது. முணுமுணுத்துக்கொண்டே ஆய்வேட்டை எடுத்துக்கொண்டாள்.

கதவு வரை போனவளை மெதுவாகக் கூப்பிட்டார்.

"அது எந்த சோப்பும்மா?"