முன்னால் யாருமில்லாத நேர்ப்பாதை

பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கும் அவரை, மோட்டார் பைக் பந்தயத் திடலில் எல்லோரும் ‘நிழல்’ என்றே அழைப்பார்கள். சிறிய வண்டிகளின் பிரிவில், முன்னால் செல்பவரின் முதுகை ஒட்டியே ஓட்டுவது அவர் வழக்கம். முன்னவர் எதிர்காற்றைக் கிழிக்க, பின்னவருக்கு வேகம் கூடும். பிறகு இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். துணையின்றி அங்கே வெற்றியில்லை.

இவ்வாண்டு பெரிய வண்டி வாங்கிப் பெரிய பிரிவுக்கு மாறினார். அங்கே வண்டியின் வேகமே போதும், துணை சேர்ந்து ஓட்டும் வழக்கமில்லை; அவர் பெயரைக்கூட எவரும் கேட்கவில்லை. நாளைய பந்தயத்துக்கான இன்றைய தகுதிச் சுற்றில், பழக்க தோஷத்தால் நேர்ப்பாதையில் வேகத்தைத் தணித்து, முன்னே செல்ல ஒரு துணைக்காகக் காத்திருந்தார். வந்தவர்கள் எல்லோரும் காற்றாய்ப் பறந்துவிட்டார்கள். கிடைத்தது கடைசி இடம்.

“என்ன மச்சான், நடுவழியில பஸ்ஸுக்கா காத்திருந்தீங்க?” என்றான் அவர் மனைவியின் தம்பி; வண்டியைப் பார்த்துக்கொள்பவன் அவன்தான். “பேசாம பழைய வண்டிக்கே வந்துடுங்க. உங்க கூட்டாளிங்க தேடுறாங்க.”

எதிர்க் கொட்டகையில் அந்தக் கூட்டாளிகளின் சிரிப்பொலி கேட்டது. அவர் சிறிது நேரம் அதையே கேட்டுக்கொண்டு தலைக்கவசத்தைத் துடைத்தார்.

“தனியா ஓட்டினா என் வேகம் எவ்வளவுன்னு பத்து வருஷமா எனக்கே தெரியாதுப்பா,” என்றார். “நாளைக்கு இதையேதான் ஓட்டப்போறேன்.”