பாதி ஆட்டம்

தொண்ணூற்றாறில் மதுமதி தொழில்முறைக் கால்பந்து வீராங்கனை ஆனாள். தி.நகர் ஜவுளிக்கடை, மூன்றாவது மாடி, பட்டுச் சேலைப் பிரிவு. விடியற்காலையில் பந்தை உதைக்க வேண்டும். கடை திறந்ததும் சேலையை உதற வேண்டும். சம்பளம் இரண்டாவதற்குத்தான்.

முதலாளி குணசீலன் அண்ணாச்சிக்குப் பெண்கள் கால்பந்தின் மேல் அளவற்ற பற்று. பனியன் முதுகில் கடையின் பெயரையும் தள்ளுபடி விவரத்தையும் அச்சடித்திருந்தார். மதுமதி கோலை நோக்கி ஓடினால், துரத்துகிறவர்கள் தீபாவளிச் சலுகையைப் படித்துக்கொண்டே வரலாம்.

கடையின் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. அங்கேதான் சிக்கல்.

"தீவாளிக்கு முந்துன ஞாயித்துக்கெழமையா? அவியளுக்கு வேற நாளே கெடைக்கலியா?"

"ஃபைனல், அண்ணாச்சி."

"சரி, ஆடுங்க. பாதி ஆட்டத்துல வேன் வரும், ஏறிரணும். சாயங்காலக் கூட்டத்த யாரு பாக்கது?"

"மீதிப் பாதி?"

"முதப் பாதியிலயே செயிச்சிருங்க."

மதுமதிக்கு இருபத்தேழு வயது. இன்னொரு இறுதி ஆட்டம் வருமென்று நம்ப அவளிடம் காரணம் எதுவும் இல்லை.

அடையாறு மைதானத்தில் இடைவேளைக்கு ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னணியில் இருந்தார்கள். சொன்னபடி வேன் வந்தது. டிரைவர் ஷரீஃப் ஹாரனை அழுத்தினார்.

"ஏறு மதி. கடைல நிக்க எடமில்ல, அவ்ளோ கூட்டம் கீது."

மதுமதி குனிந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கினாள். மற்ற பத்துப் பேரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நான் வரல, அண்ணே" என்றாள்.

"இன்னா வெளாட்றியா?"

"ஆமா."

நான்கு பேர் தலைகுனிந்தபடி வேனில் ஏறினார்கள். அவர்களில் நீரஜா அழுதாள். "அக்கா, வீட்ல என் சம்பளம் மட்டும்தான்..."

"தெரியும்டி. மூஞ்சியத் தொடச்சுக்கினு போ."

நடுவர் ஸ்ரீரங்கன் மிச்சம் இருந்தவர்களை எண்ணினார். "ஏழு பேர் இருந்தா சட்டப்படி ஆடலாம்மா. ஆடித்தான் ஆகணும்னு சட்டம் இல்ல."

"விசில் ஊதுங்க, சார்."

ஒன்றுக்கு நான்கு என்று தோற்றார்கள். கடைசி விசில் வரை ஓடினார்கள்.

மறுநாள் மூன்றாவது மாடியில் வேறு ஒருத்தி சேலை உதறிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி கோபப்படவில்லை, அவர் கோபப்பட்டு யாரையும் வேலையை விட்டு நிறுத்தியதில்லை. கணக்குத் தீர்க்க வந்த மதுமதியிடம் சொல்ல ஒரே ஒரு வருத்தம்தான் அவருக்கு.

"செயிச்சிட்டு இருக்கையிலேயே எந்திரிச்சு வந்திருந்தா, கடைக்கு ஒரு பேரு இருந்திருக்கும்லா?"

"தோத்தது நாங்க ஏழு பேருதான், அண்ணாச்சி. வேன்ல வந்த உங்காளுங்க நாலு பேரும் ஜெயிச்சுட்டுத்தானே வந்தாங்க?"

அண்ணாச்சி அதை உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். பிறகு அந்த நான்கு பேரையும் பனியன் போடச் சொல்லிவிட்டு, போட்டோகிராபரை வரச்சொன்னார்.