மேலே போகப் போகக் குளிரும்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன நவம்பரில், துணி எதுவும் காயாத ஒரு நாளில், பக்கத்து வீட்டு சாந்தாமேரி அக்கா கொடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

“ஏனுங்க ஜோஸ்லின், நீங்க கதையெல்லாம் எழுதறவங்க, நாலு ஊரு தெரிஞ்சவங்க. கொறஞ்ச சம்பளத்துல ஒரு புள்ள தனியாப் பொழைக்கறதுக்கு எந்த ஊருங்க தோது?”

நான் ஏற்காட்டில் ஏரிக்குப் போகிற வழியில் பொம்மைக் கடை வைத்திருப்பவள். கூட்டம் இல்லாத நாட்களில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து கதை எழுதுவேன். எனக்குத் தெரிந்த ஊர்களில் பாதிக்கு நான் கதைக்குள்தான் போய் வந்திருக்கிறேன். இதைச் சொன்னால் இருக்கிற மரியாதையும் போய்விடும் என்று, “யோசிச்சுச் சொல்றேன்க்கா” என்றேன். யோசித்தேன். பதில் வரவில்லை, கதை வந்தது.

[மூடுபனி மெல்ல விலகியபோது சேர்வராயன் மலையின்—]

வேண்டாம். ஏற்காட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் பனியில்தான் ஆரம்பிக்கிறார்கள். பனியும் பாவம், எத்தனை கதையைத்தான் தாங்கும்.

[பட்டம் வாங்கிய பெண்ணின் முன்னால் உலகம் விரிந்து—]

இதுவும் வேண்டாம். உலகமெல்லாம் விரியவில்லை. மூன்று ஊர்கள் விரிந்தன, அவ்வளவுதான்.

2

அந்தப் பிள்ளை ஆஷ்லின், சாந்தாமேரி அக்காவின் ஒரே மகள். சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி பி.காம். முடித்தவளுக்கு ஒரு தணிக்கை நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அவர்களுக்குச் சென்னை, கோவை, திருச்சி மூன்றிலும் கிளை உண்டு. எங்கே சேர்ந்தாலும் சம்பளம் ஒன்றுதான், ஊரை நீயே முடிவு செய்துகொண்டு ஜனவரியில் வா என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் சீனியர்களிடம் ஒவ்வொருவராகப் பேசினாள். அந்தச் சம்பளம் சென்னையில் வாடகைக்கே சரியாகிவிடும். கோவையில் சாப்பிடவும் முடியும், ஆனால் மாதக் கடைசியில் வீட்டுக்குப் போன் போட வேண்டியிருக்கும். திருச்சியில் தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

“ஊட்டுல இருந்து எதுவும் வாங்கக் கூடாது சித்தி” என்றாள் என்னிடம். “வாங்கிட்டா நான் வேலைக்குப் போனதா ஆகாது. இன்னொரு ஹாஸ்டலுக்குப் போனதாத்தான் ஆகும்.”

[இங்கே எனக்கு இவள் மேல் சந்தேகம் வந்தது. இந்த வயதில் இவ்வளவு தெளிவா? வாசகர் நம்புவாரா? கொஞ்சம் காதல் சேர்க்கலாம் என்று தினேஷ் என்று ஒருவனை இரண்டு பத்திக்கு உள்ளே விட்டேன். வந்ததிலிருந்து போனையே நோண்டிக்கொண்டிருந்தான். வெளியே அனுப்பிவிட்டேன்.]

சாந்தாமேரி அக்காவுக்குத் திருச்சி பிடிக்கவில்லை. “அது வேகற ஊருங்க. சின்னதுல சேலத்துக்கு எறங்குனாலே இவளுக்கு மூக்குல ரத்தம் வந்துரும். கோயமுத்தூருன்னா பக்கத்துல மலையாச்சும் இருக்குது” என்று என்னிடம் மாய்ந்து மாய்ந்து சொன்னார். அவர் இங்கே ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டலில் சமையல் பார்க்கிறார். அந்தப் பள்ளி அலுவலகத்திலேயே மகளுக்கு ஓர் இடம் சொல்லி வைத்திருந்தார்.

கடைசியில் தாயும் மகளும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். “உடம்புக்கு ஆகலைன்னு தெரிஞ்சா அடுத்த பஸ்ஸுல மேல வந்துரோணும். வந்து பள்ளிக்கூட ஆபீஸ்ல உக்காந்துக்கோணும்.” ஆஷ்லின் சரி என்றாள். யோசிக்காமல் சொன்ன அந்தச் சரிதான் பின்னால் அவளைப் பாடாய்ப் படுத்தியது.

3

அவள் அப்பா பாக்கியநாதன் மாமா, மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் வந்ததையும் பறித்த பழத்தின் எடையையும் எழுதுகிற வேலை. பழம் பறிக்கிற காலத்தில் ரைட்டருக்கு லீவு கிடைப்பது குதிரைக் கொம்பு. இருந்தும் கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிறு திருச்சிக்குப் போய், மகளுக்கு அறை பிடித்து, அன்றைக்கே திரும்பி வந்தார். வந்தவர் கழுத்து மப்ளரைக்கூட அவிழ்க்கவில்லை.

“ஊருதானுங்க பள்ளத்துல கெடக்குது. ஊட்டை உச்சியில புடிச்சிட்டன். மொட்டை மாடியில தனி ரூமு! இன்னொரு அதிசயம் கேளுங்க. கீழ் ஊட்டுக்கு வாடகை ஜாஸ்தி, மேல இருக்கறதுக்குக் கம்மி. திருச்சிக்காரங்களுக்கு வெவரமே பத்தாதுங்க.”

சமவெளியில் இருந்து இதைப் படிப்பவர் இந்நேரம் சிரித்திருப்பார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. எங்களுக்கு உயரம் என்றால் குளிர். அடிவாரத்தில் கழற்றிய ஸ்வெட்டரை, பஸ் வளைவுகளில் ஏற ஏற மறுபடி மாட்டிக்கொள்கிறவர்கள் நாங்கள். எங்களைவிடக் கொஞ்சம் பள்ளத்தில் இருக்கிற கிளியூர்க்காரர்களை, ஒரு சட்டை குறைவாகப் போடுகிறவர்கள் என்று கேலி செய்வோம். மாமா வேலை இருந்தால் சேலத்துக்கு இறங்குவார், முடிந்ததும் ஏறிவிடுவார். கோடையில் ஒருநாள்கூடக் கீழே தூங்கியதில்லை. டிசம்பர் மாதத்தில் அந்த மொட்டை மாடிச் சுவரில் கை வைத்துப் பார்த்திருக்கிறார், சில்லென்று இருந்திருக்கிறது. அவருக்கு அது போதும்.

சாந்தாமேரி அக்காவின் முகம் அன்றைக்குத்தான் தெளிந்தது. “உசரத்துலன்னா சரிங்க” என்றார்.

(மாமாவை ஏமாளியாக எழுதிவிடுவேனோ என்ற பயத்தில் இந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பத் திருத்தினேன். மகள் வெயிலில் வாடக் கூடாது என்று முட்டிவலியோடு ஒருவர் அத்தனை மாடி ஏறியிருக்கிறார். எப்படிக் கிண்டலாக எழுதினாலும் கடைசியில் பாசமாகத்தான் வந்து நிற்கிறது. நிற்கட்டும்.)

நானும் மலைக்காரிதான். ‘காற்றோட்டமான மொட்டை மாடி அறையில் ஆஷ்லின் தன் புது வாழ்க்கையைத் தொடங்கினாள்’ என்று எழுதி, பெருமையாக அவளுக்கே போனில் அனுப்பி வைத்தேன். அப்போது மார்ச் மாதம்.

4

உடனே கூப்பிட்டாள்.

“சித்தி, காற்றோட்டம்னு எழுதியிருக்கீங்களே, அதை அடிச்சிருங்க.”

“ஏன் கண்ணு?”

“அடுப்புன்னு எழுதுங்க.”

பகல் முழுக்க மேல்தளத்தில் ஏறிய வெயில், பொழுது சாய்ந்ததும் அறைக்குள் இறங்குகிறதாம். குழாயைத் திறந்தால் கை சுடுகிறதாம். போர்வையை நனைத்துப் போர்த்திக்கொண்டு படுக்கிறாளாம். கீழ்வீட்டு அம்மா அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, கோடையில் அந்த அறையில் யாரும் நிற்க மாட்டார்கள், அதனால்தான் வாடகை கம்மி என்று சொல்லியிருக்கிறார்.

“ஊட்டுல சொல்லிரு சாமி. இல்லைன்னா வேற ரூமு பாரு.”

“வேற ரூமுக்கு மறுபடி அட்வான்ஸ் வேணுமே. ஆடி வரைக்கும் ஓட்டிட்டா நானே சேத்துருவேன். சொன்னா அம்மா அடுத்த பஸ்ஸுல வரச் சொல்லிரும். அப்பா வேற, இந்த ரூமைப் பத்தி எஸ்டேட் பூராப் பெருமை பேசி வச்சிருக்காரு.”

“அவ்வளவு கஷ்டப்பட்டு இருக்கற மாதிரி அந்த ஊருல என்னதான் இருக்குது?”

அவள் குரல் மாறியது. “மாசக் கடைசியிலயும் என் காசுல பிரியாணி சாப்பிட முடியுது சித்தி. சாயங்காலம் காவிரிக் கரையில போய் உக்காந்தா, ரைட்டர் புள்ளையான்னு யாரும் கேக்கறதில்ல. எனக்கு இந்த ஊரு நொம்பப் புடிச்சிருக்கு. என்னை மேல கூப்பிட்டுக்கிட்டா அழுதுருவேன்.”

யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். கதை எழுதுகிறவளிடம் போய்ச் சத்தியம் வாங்குகிறாளே என்று எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது.

அடுத்த வாரம் நான் அவர்கள் வீட்டில் இருந்தபோது அவளுடைய வீடியோ கால் வந்தது. ஆஷ்லின் நீல ஸ்வெட்டர் போட்டு, கழுத்துவரை பட்டன் மாட்டியிருந்தாள்.

“மேல காத்து வருதா கண்ணு?”

“நொம்பக் காத்தும்மா. குளுருது.”

மாமா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், பார்த்தீர்களா என்பதுபோல. “சார்ஜ் இல்லம்மா” என்று அவள் சீக்கிரமே வைத்துவிட்டாள். நான் வீட்டுக்கு வந்து ‘காற்றோட்டமான’ என்ற சொல்லை அடித்தேன்.

5

பிறகு கதை நகரவில்லை. மே மாதம் வந்தது, ஹாஸ்டலுக்கு விடுமுறை விட்டார்கள். மகளோடு ஒரு வாரம் இருந்துவிட்டு வருவது என்று அக்காவும் மாமாவும் முடிவு செய்தார்கள், அந்த மொட்டை மாடி அறையில். மாமா கம்பளியை எடுத்து வெயிலில் காயப் போட்டார்.

முடிவைச் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டிய நெருக்கடி எனக்கு. மழையைக் கூப்பிட்டுப் பார்த்தேன். [வானம் இருண்டு, மொட்டை மாடியில் முதல் துளி—] நிறுத்திவிட்டேன். வழி தெரியாத எழுத்தாளர்தான் மழையைக் கூப்பிடுவார். கூப்பிட்டாலும் மறுநாள் வெயில் அடிக்காதா?

ஆஷ்லினை மயங்கி விழ வைத்து, அக்கா அவளை மலைக்குக் கூட்டி வருவதாகவும் எழுதலாம். கை வரவில்லை. ஒரு பிள்ளை சொந்தக் காசில் சாப்பிடுகிற பிரியாணியைத் தட்டிப் பறித்த பாவம் எனக்கு வேண்டாம்.

இப்படி விழித்துக்கொண்டிருந்தபோது சாந்தாமேரி அக்கா அவரைக்காய் முறத்தோடு கடைக்கு வந்து உட்கார்ந்தார். “நாளைக்கு ஊருக்குப் போறனுங்க. கதைய எதுவரைக்கும் எழுதியிருக்கீங்க, படிங்க கேப்போம்.”

மாட்டிக்கொண்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணைச் சொல்லிச் சொல்லிப் படித்தேன். ஏமாளி என்ற இடத்தில் அக்கா நன்றாகச் சிரித்தார். பிறகு தாளைப் புரட்டி, “ஐந்து” என்று மழையை ஆரம்பித்தேன்.

“மூணுக்கு அப்புறம் அஞ்சுங்களா?”

நான் தாள்களை அடுக்கினேன். அக்கா காய் உரிப்பதை நிறுத்தவில்லை.

“நாலுல என்ன இருக்குதுன்னு நானே சொல்லட்டுங்களா? புள்ள சொட்டர் போட்டுட்டுக் குளுருதுங்கறா, மேலுதட்டுல வேர்வை முத்து முத்தா நிக்குது. பெத்தவளுக்குத் தெரியாதுங்களா?”

“எப்ப இருந்துக்கா தெரியும்?”

“மொத நாளே தெரிஞ்சுதுங்க. அன்னைக்கே போய்க் கூட்டிட்டு வந்துரலாம்னுதான் நெனச்சன். அப்பறம் யோசிச்சுப் பாத்தனுங்க. அந்த வேக்காட்டுல சொட்டரை மாட்டிக்கிட்டுச் சிரிக்கறாள்னா, அந்த ஊரு அவளுக்கு எவ்வளவு புடிச்சிருக்கோணும்?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கதை முழுக்க நான் தேடிக்கொண்டிருந்த வாக்கியத்தை அவர் அவரைக்காய் உரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

“அப்போ மாமாகிட்ட?”

“அவருகிட்ட எப்படிங்க சொல்றது? மூஞ்சி வாடிருமுங்க. அந்த ரூமு புடிச்சதுல இருந்து மனுசன் ஒரு சாண் வளந்துட்டாரு. பையில அவரு பாக்கறாப்புல மேல கம்பளிய வச்சிருக்கன். அடியில விசிறி இருக்குதுங்க. நான் தெரிஞ்சுக்கிட்டன்னு புள்ளைக்கும் சொல்லீராதீங்க, கூச்சப்படுவா.”

இரண்டாவது சத்தியம். முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

6

இன்று காலை அவர்களைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். சீசன் நேரம், மேலே வருகிற பஸ்ஸில்தான் கூட்டம், இறங்குகிற பஸ் காலியாக இருந்தது. அக்கா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். மாமா பையோடு பின்படி வழியாக ஏறினார். ஏறியவர் எதற்கோ மறுபடி இறங்கி, பஸ்ஸின் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். கையில் கம்பளி.

“ஏனுங்க, இது உங்ககிட்டயே இருக்கட்டுங்க. பையி நொம்பக் கனமா இருக்குது.”

பை கனமே இல்லை. வீட்டிலிருந்து அதைத் தூக்கி வந்தவளே நான்தான்.

“அக்கா கேட்டா என்னங்க மாமா சொல்றது?”

“மறந்து வச்சிட்டன்னு சொல்லிக்கறனுங்க. நீங்க ஒண்ணும் சொல்லீராதீங்க.” என் முகத்தைப் பார்க்காமலேயே சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். பஸ் கிளம்பிவிட்டது.

அவருக்குத் தெரியுமா? தெரியும் என்றால் யார் சொன்னார்கள், எப்போதிலிருந்து தெரியும்? அல்லது முட்டிவலிக்காரருக்கு அந்தப் பை நிஜமாகவே கனத்ததா? எழுதுகிறவள் நான், எனக்கே தெரியவில்லை. இதை எழுதும்போது அந்தக் கம்பளி என் மடியில் கிடக்கிறது, காலைக் குளிருக்கு இதமாகத்தான் இருக்கிறது.

இப்போது ஆஷ்லினிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்திருக்கிறது.

“சித்தி, கெளம்பிட்டாங்களா? கதவைத் தொறக்கறப்ப ஸ்வெட்டர் போட்டுக்கவா, வேண்டாமா?”

போட்டுக்கொள் என்று அனுப்பினால் மூன்று பேரும் அந்த அடுப்புக்குள் உட்கார்ந்து, நல்ல காற்று, நல்ல குளிர் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். வேர்க்க வேர்க்க அப்படிச் சொல்லிக்கொள்ள ஒரு குடும்பம் கொடுத்து வைத்திருக்க வேண்டும். வேண்டாம் என்று அனுப்பினால்—

[ஆஷ்லின் கதவைத் திறந்தாள். மூச்சு வாங்கக் கடைசிப் படியில் நின்ற அப்பா, அவளுடைய பருத்திச் சட்டையைப் பார்த்து—]

இதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. மூன்று பேரும் என்னை நம்பி ஆளுக்கொன்றைக் கொடுத்து, வாயைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். சத்தியம் செய்தது நான்தான். நீங்கள் யாருக்கும் செய்யவில்லை.

பஸ் இந்நேரம் அடிவாரம் தாண்டியிருக்கும். போனை உங்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். அவள் இன்னும் ஆன்லைனில்தான் இருக்கிறாள், பதிலை நீங்களே அனுப்பிவிடுங்கள்.