தரைக்கு மேலே ஒரு கிணறு

1944 பங்குனியில் ஆவடிப் பட்டாள முகாமின் மேஜருக்கு நீச்சல் ஆசை வந்தது. வெள்ளைத் தோல், வெயில் தாங்கவில்லையாம். எங்களுக்கெல்லாம் எருமைத் தோல் என்று நினைப்பு. ஊர் ஏரியின் மதகை முகாம் ஏற்கெனவே அடைத்திருந்தது. தண்ணீர் சண்டைக்கு வேண்டுமாம். எந்தச் சண்டையில் எவன் முங்கிக் குளித்தான் என்று கேட்டால் சதிகாரன் என்று உள்ளே தள்ளுவார்கள். அதனால் யாரும் கேட்கவில்லை.

குளம் வெட்டப் போனால் முழங்கால் ஆழத்திலேயே பாறை. தரைக்கு மேலே கட்டச் சொன்னார் மேஜர். ஜம்புலிங்கத்தைக் கூப்பிட்டார்கள். அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் கிணறு கட்டிய கொத்தனார் அவன். தலைக்கனத்துக்குக் குறைச்சல் கிடையாது.

கட்டினான், கிணறு மாதிரியே. வட்டமாக, களிமண் வைத்துச் செங்கல் அடுக்கி, உள்பக்கம் சுண்ணாம்பு பூசினான். கிணற்றுச் சுவரை வெளியே இருக்கிற மண் அணைத்துப் பிடித்திருக்கும். தரைக்கு மேலே நிற்கிற சுவரை எவன் பிடிப்பான்? அந்த யோசனையே அவனுக்கு வரவில்லை. தண்ணீரை வெளியே விட ஓட்டைகூட வைக்கவில்லை. எந்தக் கிணற்றுக்கு ஓட்டை வைத்திருக்கிறார்கள்?

ஏரித் தண்ணீரை இறைத்து நிரப்பினார்கள். இரண்டு நாளில் கிழக்குச் சுவர் மாசமான வயிறு போல முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. மேலிருந்து கீழ் வரைக்கும் விரிசல். வழிந்த தண்ணீர் பள்ளத்தில் இறங்கி, ஜம்புலிங்கத்தின் வயலுக்குள்ளேயே போனது.

அந்த வயலில் அவன் பெண்சாதி பூங்காவனம் நட்ட நவரைப் பட்டத்து நெல், மதகு அடைத்ததால் கதிர் விடும் நேரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. கால் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. அரிசிக்குப் பஞ்சமான காலம்; அந்த நெல் போனால் வீட்டில் உலை இல்லை. ஈரத்தைக் கண்டதும் அவள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

முகாம் கிளார்க் கங்காதரன், துரை சொல்வதை இரண்டு பங்கு கோபத்தோடு தமிழில் சொல்கிறவன். "ஞாயித்துக்கெழமை ஜெனரல் வர்றாரு. அதுக்குள்ள சரி பண்ணலன்னா தொரை உன்ன வுட்டுடுவாரா?"

ஜம்புலிங்கம் சுவரை உடைத்து, தண்ணீரையெல்லாம் வயலுக்கு விட்டுவிட்டு, புதுச் செங்கல் வைத்துத் திரும்பக் கட்டினான். கட்டும்போதே அவனுக்கு விளங்கிவிட்டது. சுற்றிலும் மண்ணைக் கொட்டித் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினால் போதும், சுவர் அசையாது. அதைப் பெருமையாக வீட்டில் வந்து சொன்னான்.

பூங்காவனம் கூழைக் கிண்டிக்கொண்டே கேட்டாள். "அணைச்சுட்டா அப்பால ஒழுகாதா?"

"ஒரு சொட்டு ஒழுவாது."

"கதிரு இப்பதான் பால் புடிக்குது. இன்னொரு தண்ணி வேணும்யா."

"அதுக்கு? நா கட்டுன சொவுரு ரெண்டாவது வாட்டி வுளுந்துச்சுன்னா, எனுக்கு எவன்மே வேல குடுப்பான்? என் பேரு இன்னா ஆவறது?"

"பேர ஒலையில போட்டு வடிக்க முடியுமா?"

அவன் சாப்பிடாமல் எழுந்து போனான். கோபம்தான், அவள்மேல் அல்ல.

மறுநாள் மூன்று பக்கம் மண் கொட்டி இறுக்கினான். கிழக்கே கொட்டவில்லை. தண்ணீர் நிரப்பினார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கிழக்குச் சுவர் மறுபடி வயிறு தள்ளி, வாய் பிளந்தது. தண்ணீர் நெல்லுக்குப் போனது. பட்டாளமே சுற்றி நின்று சிரித்தது. ஞாயிற்றுக்கிழமை ஜெனரல் குவளையால் மொண்டு குளித்தார், பாவம்.

அவனை முகாமை விட்டுத் துரத்தினார்கள். பூந்தமல்லியிலிருந்து வேறொரு கொத்தனார் வந்தான். பிளந்த சுவரை எடுத்துக் கட்டியபின் அவன் புதிதாகச் செய்தது ஒன்றுதான்: கிழக்கே மண் கொட்டி இறுக்கினான். சுவர் நின்றது. மேஜர் முதல் ஆளாகக் குதித்தார். கங்காதரன் ஓடிப்போய் அந்தக் கொத்தனாருக்கு மாலை போட்டான். வேடிக்கை பார்க்க ஊரே வேலி ஓரம் நின்றது. ஜம்புலிங்கமும் பூங்காவனமும் நின்றார்கள்.

மாலையோடு அந்தக் கொத்தனார் வேலியருகே வந்தான். "இன்னா அண்ணாத்தே, இத்தினி கெணறு கட்டிக்கீற, மண்ணு அணைக்கணும்னு ஒனுக்குத் தோணலியா?"

ஊர் முழுக்க ஜம்புலிங்கத்தின் வாயைப் பார்த்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேர் திரும்பி வந்துவிடும். பின்னாலேயே போலீசும் வரும், நெல்லும் போகும்.

"தோணல," என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். சிறிசுகள் அவன் கட்டிய சுவர் மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தன. பூங்காவனத்துக்குத் தாங்கவில்லை, முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

"இன்னாத்துக்கு இப்ப அழுவுற?" என்றான் ஜம்புலிங்கம், அவள் பக்கம் பார்க்காமலே. "போய் அறுப்புக்கு ஆள் சொல்லு."