சுஹைருக்குக் கொண்டுபோன கடதாசி

பஸ்தியானுக்காக மனு எழுதத் தொடங்கிய பிறகுதான் என் புருஷன் சுஹைரை ஊருக்குப் பிடிக்காமல் போனது. பஸ்தியான், நுரைச்சோலையில் இருக்கும் திரேசா அக்காவின் தம்பி. போர் முடிந்த வருடம் புலி இயக்கத்து ஆளென்று பிடித்தார்கள். பதினான்கு வருடமாக உள்ளே. "தொண்ணூறில முஸ்லிமெண்டு நம்மள மன்னாரிலிருந்து விரட்டின இயக்கத்து ஆளுக்கா கத்துறீங்க?" என்று நானே கேட்டிருக்கிறேன்.

"நம்மள ஒரு கூட்டமாப் பார்த்துத்தான் விரட்டினாங்க. நாமளும் அவங்கள அப்படிப் பார்த்தா, அதே இனவாதம்தானே மஹ்மூதா" என்றார், வலையைப் பிரித்துக்கொண்டே. கடலுக்குப் போகிற மனுஷனுக்கு இவ்வளவு வாய் ஆகாது. பிறகு அவரையும் பிடித்துக்கொண்டுபோனார்கள். மூன்று வருடமாக உள்ளே, வழக்கே இல்லை.

போன கிழமை விசாரணைக்காரர் ஒருவர் எத்தாளையில் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு கடதாசி தந்தார். சுஹைர் கையெழுத்து வைத்தால் நோன்புப் பெருநாளைக்கு வீட்டில் நிற்பாராம். அது சிங்களத்தில் இருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாது, யாரிடமும் காட்டவும் இல்லை. வேண்டாம் என்று யாராவது சொல்லிவிட்டால்? மூன்று வருடமாக அவருடைய தலையணை உறையைத் துவைக்காமல் வைத்திருக்கிறேன். எனக்கு அவர் வந்தால் போதும்.

அதே சிறையில் இருக்கும் தம்பியைப் பார்க்கப் போன திரேசா அக்காவுடன் நோன்போடு பஸ் ஏறினேன். சாப்பாடு கொண்டுவந்தவரே அதை ருசி பார்க்க வேண்டும் என்பது சிறை வாசலில் சட்டம். அவள் நோன்பு, அவளுக்குப் பதிலாக நான் தின்கிறேன் என்று திரேசா அக்கா சிங்களத்தில் மன்றாடினாள். காவலர் மறுத்துவிட்டார். இடியப்பத்தைப் பிய்த்து வாயில் போட்டு அழுதுகொண்டே விழுங்கினேன். விட்ட நோன்பைப் பிறகு பிடிக்கலாம். போன வருடங்களைப் பிடிக்க ஏலாது.

கம்பி வலைக்கு அந்தப்பக்கம் நின்ற சுஹைரிடம் நோன்பை முறிக்க வைத்ததைச் சொன்னதும் முகம் சிவந்தார். "நாளைக்கே இதுக்கு மனு எழுதுறன்."

"எனக்கு மனு வேணாம். நீங்கதான் வேணும்."

நான் நீட்டிய கடதாசியைக் காவலர் பார்த்துவிட்டு அவரிடம் கொடுத்தார். சுஹைர் இரண்டு தரம் வாசித்தார்.

"இதில என்ன இருக்கெண்டு தெரியுமா?"

"நீங்க வருவீங்கெண்டு இருக்கு."

"பஸ்தியான் உள்ள இருந்துகொண்டு, இயக்கத்துக்கு ஆள் சேர்க்கச் சொல்லி எனக்குத் தகவல் அனுப்பினதா இருக்கு. நான் கையெழுத்து வெச்சா அவன் சாகும்வரைக்கும் உள்ளதான்."

நான் குனிந்த தலையைத் தூக்கவில்லை. "வைங்க" என்றேன். ஓம், எல்லாம் விளங்கித்தான் சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. "புரட்சியெண்டா எல்லாரும் துவக்குத் தூக்கிச் சுடுறதெண்டு நினைக்கிறாங்க. இன்னொருத்தன வித்துட்டு வெளிய வராம இருக்கிறதுதான் என்னால ஏலுமான புரட்சி" என்றார். பிறகு கம்பி வலையோடு நெற்றியைச் சாய்த்தார். "வூட்டுக்கு வர எனக்கு ஆசையில்லயா? கடல் கேட்குமா எண்டு சுவரில காத வெச்சுப் பார்க்கிறன் மஹ்மூதா."

கடதாசி கையெழுத்தில்லாமல் என்னிடம் திரும்பி வந்தது. நேரம் முடிந்தது என்றார்கள்.

திரும்பும் பஸ்ஸில், நுரைச்சோலை நெருங்கும்போது திரேசா அக்கா கேட்டாள்: "சுஹைர் பெருநாளுக்கு வருவாரோ?"

உங்கட தம்பியாலதான் வரவில்லை என்று வாய்வரை வந்தது. அவள் மடியில் பஸ்தியானின் அழுக்குச் சட்டைகள் மடித்துக் கிடந்தன. "இந்த முறை இல்ல அக்கா" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்தாள். "நானும் முதல் அஞ்சு வருசம் எங்கட நத்தார்ப் பெருநாளுக்கு அடுப்பு மூட்டேல்லை தங்கச்சி. பிறகு பழகிப்போச்சு."