நூறு சதவீத வேலைவாய்ப்பு

எங்கள் குடும்பத்தில் கடனுக்காகத் தலைகுனிந்து நின்றவர் யாரும் இல்லை. அதனால்தான் சின்ன மகளின் வணிக மேலாண்மைப் படிப்புக்குக் கடன் வாங்கும் முன் நன்றாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபது லட்சம் கடன். பத்து வருடத்துக்கு மாதம் இருபத்தெட்டாயிரம் தவணை. படித்து முடித்தவர்களின் சராசரிச் சம்பளம் எண்பதாயிரம் என்று கல்லூரி சொன்னது. தவணை போக ஐம்பத்திரண்டாயிரம் கையில் நிற்கும். கசக்கிறதா என்ன?

கண்கண்ட சாட்சியும் வீட்டிலேயே இருந்தது. என் அக்கா மகன் அங்கேதான் படித்தான். சின்ன வயதில் சுவரோடுகூட வாதாடுவான் என்பதால் அவனுக்கு ‘வக்கீல்’ என்று பெயர். இப்போது கடல் கடந்து ஒரு வங்கியில் மேலாளர். வேலைக்குப் போனதிலிருந்து அவன் வீட்டுப் பக்கம் வரவில்லை. அத்தான் இறந்தபோதுகூட லீவு கிடைக்கவில்லை. “பெரிய வேலைன்னா அப்படித்தான் தம்பி” என்று அக்கா அழுகையோடு பெருமைப்பட்டாள். என் மகள் மட்டும் என்ன குறைந்துவிட்டாள்? ஜாமீன் கையெழுத்தை நானே போடுகிறேன் என்று உறவு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

கல்லூரி எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. உள்ளே புது பெயிண்ட் வாசனை. நாற்காலிகளில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. வாசலில் நின்ற இளைஞன் தலையை லேசாக இடது பக்கம் சாய்த்துச் சிரித்தான்.

“வாழ்த்துகள் சார். சரியான முடிவு எடுத்திருக்கீங்க.”

தண்ணீர் கொண்டுவந்த பெண்ணும் தலையை அப்படியே சாய்த்து அதையே சொன்னாள்.

“நீங்க எங்க படிச்சீங்க, அக்கா?” என்று கேட்டாள் என் மகள்.

“இங்கதான்.”

“வாசல்ல நிக்கிறவங்க?”

“இங்கதான். நாங்க எல்லாருமே இங்கதான். நூறு சதவீத வேலைவாய்ப்பு.”

மகள் என் காதருகே குனிந்தாள். “என்னப்பா, எல்லாரும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்காங்க?”

“ஒழுங்குன்னா அப்படித்தான். நீயும் கொஞ்சம் கத்துக்கோ.”

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் உறுத்தியது. சிறைச்சாலை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கதவு திறக்கும் சத்தம் கேட்டால் புதிய கைதி சட்டென்று திரும்பிப் பார்ப்பான். பழையவன் திரும்பமாட்டான். இங்கே கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. உள்ளே வரிசையாக மேசைகளில் வேலை பார்த்த அத்தனை பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

மகளைப் புகைப்படம் எடுக்க அழைத்துப் போனார்கள். ஜாமீன்தாரர் மட்டும் வரவேண்டிய அறைக்கு என்னை அனுப்பினார்கள். ஜன்னல் இல்லாத அறை. மேசைக்குப் பின்னால் கழுத்துப்பட்டை கட்டிய ஒருவன். தலையை இடது பக்கம் சாய்த்துச் சிரித்தான்.

வக்கீல்.

கன்னம் ஒட்டி, முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. ஆனால் அந்தப் புருவத் தழும்பு எங்கள் வீட்டு மாடிப்படியில் விழுந்து வாங்கியது.

“டேய்... நீ எப்படிடா இங்க?”

“வாழ்த்துகள் சார். சரியான முடிவு எடுத்திருக்கீங்க.”

“நான் மாமாடா.”

“சராசரிச் சம்பளம் எண்பதாயிரம் சார். இங்க கையெழுத்துப் போடுங்க.”

பேனாவை நீட்டினான். நான் பிடித்தேன். அவன் விடவில்லை. முகத்தில் அதே சிரிப்பு, குரலில் அதே குழைவு, “போடுங்க சார், போடுங்க” என்கிறது வாய். விரல்கள் மட்டும் பேனாவை நெரித்துப் பிடித்திருந்தன. நகங்கள் வெளுத்துவிட்டன. மூலையில் ஒரு கேமரா சின்னச் சிவப்பு வெளிச்சத்தோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் குரலைத் தாழ்த்தினேன். “அந்த எண்பதாயிரம் உனக்கு வருதா?”

“வருது சார். தவணை, ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு, பயிற்சிக் கட்டணம் பிடிச்சுக்குவாங்க.”

“மிச்சம்?”

“மிச்சம் இல்ல சார்.”

“கடன் எவ்வளவு குறைஞ்சிருக்கு?”

“சேர்ந்தப்ப இருந்ததைவிடக் கொஞ்சம் அதிகம், மாமா.”

‘மாமா’ என்ற சொல்லையும் அதே சிரிப்போடு, விலைப்பட்டியல் வாசிப்பதுபோலச் சொன்னான்.

“எழுந்து வா. என்கூட நடந்து வெளிய வா. எவன் தடுக்கிறான்னு பாக்கிறேன்.”

“யாரும் தடுக்க மாட்டாங்க மாமா. அம்மா வீட்டை ஈடா எழுதிக் குடுத்திருக்காங்க. நான் வெளிய வந்தா அம்மாவும் வெளிய வரணும்.” அதே மூச்சில், “நான் நல்லா இருக்கேன்னே அவங்க நினைக்கட்டும். சொல்லிடாதீங்க” என்றான்.

எங்கோ மணி அடித்தது. கட்டடம் முழுவதும் நாற்காலிகள் ஒரே நேரத்தில் பின்னுக்கு நகர்ந்தன. வக்கீலும் எழுந்து நின்றான். அப்போதுதான் அவன் விரல்கள் தளர்ந்தன. பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வெளியே மகள் காத்திருந்தாள். உள்ளதைச் சொன்னால் குடும்பத்தில் வக்கீல் கேலிப்பொருளாகிவிடுவான். அக்கா அன்றோடு விழுந்துவிடுவாள். சும்மா வேண்டாம் என்றால் இவள் விடமாட்டாள். என் வாழ்நாளில் சொல்லியிராத ஒன்றைச் சொன்னேன்.

“என் பென்ஷன் பத்தாதாம். ஜாமீன் நிக்க எனக்குத் தகுதி இல்லையாம்.”

“உங்களையா அப்படிச் சொன்னாங்க?” மகளின் கண் கலங்கியது. எனக்காகக் கலங்கியது என்பதுதான் தாங்கமுடியவில்லை.

செய்தி பரவ அதிக நேரம் ஆகவில்லை. மாலையில் அக்கா வந்துவிட்டாள்.

“ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சியே தம்பி! ஒரு கையெழுத்துக்கு உன்னை மதிக்கலையா? எம்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பேங்க்லயே முடிச்சுக் குடுத்திருப்பானே!”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே வாங்கிக்கொண்டேன். அக்கா போனை எடுத்து எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

“டேய், உங்க மாமாவுக்குக் கடன் கிடைக்கலையாம்டா. அவளை அங்க சேர்க்கலையாம்.”

அந்தக் குழைந்த குரல் வந்தது.

“சரியான முடிவு எடுத்திருக்கீங்க, மாமா.”

அந்தக் குரலுக்குப் பின்னால் மணி அடித்தது. நிறைய நாற்காலிகள் ஒரே நேரத்தில் பின்னுக்கு நகர்ந்தன. இணைப்பு அறுந்தது.

“கேட்டியா?” என்றாள் அக்கா, முகமெல்லாம் பூரிப்போடு. “பேங்க்ல எவ்வளவு ஒழுங்கு பாரு.”

“கேட்டேன் அக்கா” என்றேன்.